பார்வை நல்லம் என்று எழுதிக் கொடுத்தேன்

பாவித்த கண்ணாடிக்கு ஒரு நாற்றம் உண்டு. காதில் மாட்டும் கம்பியின் வளைவில் யாரோ ஒருவருடைய பழைய வியர்வை பச்சை பிடித்து நிற்கும். மூக்கில் உட்காரும் இரண்டு சின்னப் பொட்டுகளுக்கு அடியில் முகத்து எண்ணெயும் பவுடரும் சேர்ந்து மெழுகு மாதிரி இறுகிக் கிடக்கும். நகத்தால் சுரண்டினால் வரும். வந்ததை எங்கே துடைப்பது என்று தெரியாமல் கையைத் தூரப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வாகரைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த இலவசக் கண் முகாமில், இப்படிப்பட்ட கண்ணாடிகள் இரண்டு பெட்டி நிறைய என் முன்னால் வந்து இறங்கின. வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்கள் தங்கள் வீட்டு மேசை லாச்சிகளைத் துப்புரவு செய்து, நம்மேல் இரக்கப்பட்டு அனுப்பியவை.

அந்தப் பெட்டிகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் அந்தப் பெட்டிகள் யாருடைய கண்ணையும் கெடுக்கவில்லை. கருவாடு காயப் போட்டுப் பிழைக்கிற ஒரு மனுசியின் இரண்டு கண்களையும் அன்றைக்குச் சோதித்து, ‘பார்வை நல்லம்’ என்று அட்டையில் எழுதிக் கையெழுத்து வைத்தது நான். அந்தக் கண்கள் நல்லமாக இருக்கவில்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். கண் டொக்டர் இல்லை. டொக்டர் கண்ணில் சத்திரசிகிச்சை செய்வார், மருந்து எழுதுவார். நான் கண்ணுக்குப் பொருந்துகிற கண்ணாடி எது என்று அளந்து சொல்வேன். கண்ணுக்குள் நோய் ஏதும் தென்பட்டால் டொக்டரிடம் அனுப்பி வைப்பேன். இந்த இரண்டில் இரண்டாவதுதான் பெரிய வேலை. முதலாவதை இப்போது மெசினே பாதிக்கு மேல் செய்து தருகிறது.

உயர்தரத்தில் உயிரியல் படித்தேன். மருத்துவ பீடத்துக்குப் புள்ளி போதவில்லை. அழுது முடித்த பிறகு கொழும்பில் இந்தப் படிப்பைப் படித்தேன். நாவற்குடாவில் எங்கள் ஒழுங்கை முழுக்க அம்மா, “மகள் கண் டொக்டருக்குப் படிக்கிறா” என்று சொல்லித் திரிந்தார். இரண்டொரு தரம் திருத்தினேன். “எல்லாம் ஒண்டுதானே, நீ சும்மா இரி” என்றார். பிறகு நான் திருத்தவில்லை. கோயிலில், கலியாண வீட்டில், பஸ்ஸில், தெரிந்தவர்கள் “டொக்டர்” என்று கூப்பிட்டுத் தங்கள் சொந்தக்காரரின் கண் வருத்தத்தைச் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அந்த இனிப்பை இப்போது நினைத்தால் காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

கண்ணைக் கிட்டத்தில் பார்ப்பது அழகான வேலை என்று நினைப்பவர்கள் பீளையைப் பார்த்ததில்லை. கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்குள் பார்ப்பதற்கு மூக்கும் மூக்கும் முட்டுகிற தூரத்துக்குப் போக வேண்டும். வெற்றிலை, சுருட்டு, காலையில் குடித்த கள்ளு எல்லாம் நேரே என் முகத்துக்குத்தான் வரும். வேளாண்மை வெட்டுக் காலத்தில் வயல் வட்டையிலிருந்து ஓடிவருபவர்களின் கண்ணில் நெல்லுச் சுணை விழுந்திருக்கும். அதை முதலில் யாராவது நாக்கால் வழித்து எடுக்கப் பார்த்திருப்பார்கள். பிறகு பிள்ளை பெற்றவளிடம் பால் வாங்கி விட்டிருப்பார்கள். பிறகு மருந்துக் கடையில், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஏதோ ஒரு சொட்டு மருந்து. இவ்வளவும் முடிந்து கறுப்பு விழியில் வெள்ளைப் புண் வைத்த பிறகு என்னிடம் வந்து, “மிஸ், ஒரு கண்ணாடி போட்டாச் சரி வருமா?” என்பார்கள். எனக்குக் கோபம் பத்திக்கொண்டு வரும். பல்லைக் கடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் கொடுப்பேன்.

இப்படி மற்றவர்களின் மடத்தனத்தைப் பார்த்துப் பார்த்து முகம் சுளிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. என்னைத் தவிர எல்லோரும் ஏதோ ஒரு விதத்தில் ஊத்தை என்ற நினைப்பு. கடை முதலாளியும் ஊத்தை. ஒரு கண்ணை ஒழுங்காகச் சோதிக்க அரை மணித்தியாலம் வேண்டும். அவர் பத்தாவது நிமிசத்தில் கதவைத் தட்டி, “மிஸ், பார்த்தது காணும், ஆளை பிறேம் பக்கம் அனுப்புங்க” என்பார். அந்தப் பத்து நிமிசத்தில் கண்ணாடி நம்பர் வந்துவிடும். கண்ணுக்குள் பார்க்க நேரம் வராது. முதலில் சண்டை பிடித்தேன். பிறகு கையும் பத்து நிமிசத்துக்குப் பழகிவிட்டது.

முகாம் நடத்தியது ஒரு நலன்புரிச் சங்கம். அதன் தலைவர் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். வெள்ளைச் சேட்டு, சட்டைப்பையில் இரண்டு பேனை, எதைப் பேசினாலும் மைக்கில் பேசுகிற மாதிரியே பேசுவார். கடைக்கு வந்து முதலாளியோடு பேசி என்னை ஒரு சனிக்கிழமைக்குக் கேட்டு வாங்கினார். “அங்கத்தச் சனத்துக்கு ஆரு இரிக்காங்க மிஸ்? சுனாமி அடிச்ச நாளையில இருந்து அதுகள் இருட்டுக்குள்ளதான் கிடக்குதுகள்” என்றார். முதலாளி, கடையின் பெயர் பதாகையில் பெரிதாக வர வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்த நாட்கள். விடியவே சங்கத்து வான் வண்டியில் போய் இறங்கினோம். சனம் எங்களுக்கு முதலே வந்து நின்றது. மீன்பிடிக்கிறவர்கள், சேனைப் பயிர் செய்கிறவர்கள், பெண்கள்தான் கூட. எட்டு மணிக்குத் தொடங்க வேண்டியது. பத்தரை வரைக்கும் ஒருவரையும் பார்க்கவிடவில்லை. பிரதம விருந்தினர் வந்து விளக்கேற்றாமல் சோதனையைத் தொடங்கினால் படத்தில் ஒழுங்கு பிழைத்துவிடுமாம். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பதாகையில் என் பெயருக்கு முன்னால் ‘கண் வைத்திய நிபுணர்’ என்று போட்டிருந்தது. நான் தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

“சேர், நான் நிபுணர் இல்ல. டொக்டரே இல்ல.”

“சனத்துக்கு அதெல்லாம் விளங்காது மிஸ். விடுங்க.”

விட்டேன். விளக்கேற்றினார்கள். பேசினார்கள். எங்கள் மக்களின் இருளை நீக்க வந்த ஒளி என்று என்னைக் காட்டிச் சொன்னார்கள். வெயிலில் நின்ற சனம் கை தட்டியது. எனக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் புழுக்கத்தில் அதைக் கழற்றாமல் ஐந்து நிமிசம் படத்துக்கு நின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பார்வை சோதிக்கும் பலகையை ஆறு மீற்றர் தூரத்தில் தொங்கவிட வேண்டும். வகுப்பறை அவ்வளவு நீளம் இல்லை. அதனால் விறாந்தையின் அந்தத் தொங்கலில், கடைசிச் சுவரில் மாட்டினேன். எழுத்துத் தெரியாதவர்களும் இருப்பார்கள் என்று எழுத்துப் பலகையை விட்டுவிட்டு, மூன்று கால் உள்ள சீப்பு மாதிரி ஒரு குறி போட்ட பலகையைக் கொண்டு போயிருந்தேன். கால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று விரலால் காட்டினால் போதும். நான் செய்த பிழை, வரிசையையும் அதே விறாந்தையில் நிற்க விட்டது. அரை மணித்தியாலத்துக்குள் வரிசை முழுக்கப் பலகையைப் பாடமாக்கிவிட்டது. மேலே, இந்தப் பக்கம், கீழே, அந்தப் பக்கம் என்று ஐம்பது பேர் ஒன்றாக விரலை ஆட்டிப் பழகிக்கொண்டு நிற்கிறார்கள். இது ஒரு சோதனையாம், பெயில் விட்டால் வெட்கமாம். பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவரின் முதுகில் தட்டிச் சொல்லிக் கொடுக்கிறார். ஒரு கிழவர் பலகைப் பக்கமே பாராமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் விரலைக் காட்டிவிட்டு, “சரிதானே?” என்றார்.

மத்தியானம் கழிய வேறு செய்தி பரவியது. சரியாகச் சொன்னால் கண்ணாடி தரமாட்டார்களாம். ஒரு மணித்தியாலத்துக்குள் வரிசையில் நின்ற அவ்வளவு பேருக்கும் கண் தெரியாமல் போனது. மேலே என்றால் கீழே காட்டினார்கள். காட்டிவிட்டுப் பெட்டியைப் பார்த்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் சங்கத்துப் பெண்கள் இரண்டு பேர், நான் எழுதிய நம்பரைப் பற்றிக் கவலையே இல்லாமல், கையில் அகப்பட்டதை எடுத்து மூக்கில் மாட்டி, “தெரியிதா அப்பு? தெரியிதுதானே?” என்று கேட்டு அனுப்பினார்கள். ஓரத்தில் சிவப்புக் கல் பதித்த பொம்பிளைக் கண்ணாடி ஒன்றை ஒரு மீன்பிடிகாரருக்கு மாட்டி, அதற்குப் பிரதம விருந்தினர் வந்து கை வைத்துப் படம் எடுத்தார். மனுசன் சிரித்துக்கொண்டு நின்றார். அவருக்கு எதிரே நிற்பவர் தெரிந்திருக்காது. தலைவரிடம் போனேன். “ஒண்டும் இல்லாததுக்கு இது பரவாயில்லதானே மிஸ். நீங்க கெதியாப் பாருங்க, இன்னும் நூறு பேர் இரிக்காங்க” என்றார்.

அந்த நேரத்தில்தான் அந்த மனுசி வந்து என் முன்னால் இருந்தார். ஐம்பது வயதுக்கு அங்கால் இங்கால் இருக்கும். கையிலும் சீலையிலும் கருவாட்டு வாசம். ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னேன். பொத்தினார். விரல் இடுக்கால் பார்க்கவில்லை, முன்னால் பின்னால் நின்றவர்களைக் கேட்கவில்லை, பெட்டியையும் பார்க்கவில்லை. கடைசி வரி வரைக்கும் சரியாகச் சொன்னார். மற்றக் கண்ணும் அப்படியே. அன்று முழுக்கப் பொய் சொல்லாத ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

“உங்கட பார்வை நல்லம் அம்மா. கண்ணாடி தேவையில்ல” என்றேன்.

அவர் எழும்பவில்லை. “நேரா எல்லாம் வடிவாத் தெரியிது மகள். ஓரத்தாலதான் ஒண்டும் தெரியிதில்ல. பாயில கருவாட்டப் பரப்பிப் போட்டுப் பக்கத்திலயே இரிக்கன். காகம் வந்து தூக்கிற்றுப் போகுது, போன மறுகாதான் எனக்குத் தெரியிது” என்றார்.

தலைவர் அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். விருந்தினர் போகப் போகிறார், ‘நிபுணரோடு’ ஒரு படம் வேண்டுமாம். எனக்குக் காலையிலிருந்து சாப்பாடு இல்லை, சேலை எல்லாம் வியர்வை, அந்தச் சனத்தின் பொய்யும் அந்தப் பெட்டியின் நாற்றமும் தலைக்கு ஏறி இருந்தது.

“ஓரத்தால பார்க்கிறதெண்டா தலையத் திருப்பிப் பாருங்க அம்மா. காகத்துக்கு நான் கண்ணாடி தர ஏலாது” என்றேன்.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். கண்ணுக்குள் பார்க்கும் கைவிளக்கு, என் காலடியில் இருந்த பைக்குள் இருந்தது. ஒரு கண்ணுக்கு இரண்டு நிமிசம் போதும். கையை நீட்டியிருந்தால் எடுத்திருக்கலாம். நான் அட்டையை எடுத்து ‘பார்வை நல்லம், கண்ணாடி தேவையில்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைத்து, அவர் கையில் கொடுத்துவிட்டுப் படத்துக்குப் போனேன். திரும்பி வந்து மிச்சப் பேரையும் அதே வேகத்தில் பார்த்து முடித்தேன். இரவே படங்கள் முகநூலில் வந்தன. எத்தனை பேர் பாராட்டி எழுதியிருக்கிறார்கள் என்று நான் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். சீ.

மாரி முடிந்து ஒரு காலைப்பொழுது, கடையில் ஒரு பெண் தாயைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். தாயின் நெற்றியில் பழைய காயத் தழும்பு ஒன்று, அதற்குப் பக்கத்தில் புதிது ஒன்று. எனக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. மகள் கைப்பையிலிருந்து பொலித்தீன் உறையில் பத்திரமாகப் போட்டிருந்த அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். என் கையெழுத்து.

“மிஸ், நீங்கதான் எழுதித் தந்த. கண் நல்லமெண்டா அம்மா ஏன் இப்படி விழுறா எண்டு கேட்கத்தான் வந்த” என்றாள்.

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முகாமுக்குப் பிறகு தாய் கதவு நிலையில் இடிபட்டிருக்கிறார். வள்ளம் கட்டிய கயிற்றில் தடக்கி விழுந்திருக்கிறார். அடுப்பிலிருந்து இறக்கி வைத்த சோற்றுப் பானையைக் காலால் தட்டி ஊற்றியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று மகள் சொன்ன போதெல்லாம் தகப்பன் இந்த அட்டையை எடுத்துக் காட்டியிருக்கிறார். “கண் நல்லம் எண்டு கண் டொக்டரே எழுதித் தந்திரிக்கி. வேணுமெண்டு செய்யுறாள்” என்று. பானை ஊற்றுப்பட்ட அன்றைக்குக் கை நீட்டியுமிருக்கிறார். கண்ணில் ஒன்றும் இல்லை என்றால் இது வேறு ஏதோ என்று ஆரோ சொல்ல, பேயோட்டுகிற ஒருவரிடம் கூட்டிப் போய் நூல் கட்டியிருக்கிறார்கள். வேப்பிலையால் அடித்திருக்கிறார்கள். மணிக்கட்டில் அந்தக் கறுத்த நூல் அப்போதும் இருந்தது.

எனக்கு அந்த மனுசன்மேல் அருவருப்பு வந்தது. நூல் கட்டியவன்மேல் வந்தது. அதைவிட வெட்கம் கெட்ட வேலை ஒன்றை அப்போது என் மனம் செய்தது. அன்றைக்கு இவருக்குப் பின்னால் நின்ற யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள், அதனால்தான் பலகையைச் சரியாகச் சொல்லியிருப்பார், நான் ஏமாந்தது என் பிழை இல்லை என்று கணக்குப் போட்டது. அது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உள்ளே கூட்டிப் போய், கடையில் இருந்த வேறு பலகையைக் காட்டினேன். எழுத்துப் பலகை. அவருக்கு வாசிக்கத் தெரியும். இரண்டு கண்ணாலும் தனித்தனியே கடைசி வரி வரைக்கும் வாசித்தார். தட்டிப் பேச எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

அவருக்கு முன்னால் இருந்துகொண்டு, என் மூக்கைப் பார்க்கச் சொல்லி, விரலை அவருடைய காதுப் பக்கத்திலிருந்து மெல்ல முன்னுக்குக் கொண்டு வந்தேன். ஒழுங்கான கண் என்றால் விரல் காதைத் தாண்டியதுமே தெரிந்துவிடும். “தெரிஞ்சா சொல்லுங்க அம்மா.” விரல் காதைத் தாண்டியது, கன்னத்தைத் தாண்டியது. அவர் பேசாமல் இருந்தார். என் மூக்குக்குக் கிட்ட வந்த பிறகுதான், “ஆ, இப்பத் தெரியிது” என்றார். மற்றப் பக்கமும் அப்படி. மேலும் கீழும் அப்படி. விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கை எடுத்துக் கண்ணுக்குள் பார்த்தேன். இரண்டு நிமிசம்கூடச் செல்லவில்லை. நரம்பு தொடங்கும் வட்டம் இரண்டு கண்ணிலும் வெளிறி, நடுவில் குழி விழுந்து கிடந்தது. முதலாம் வருசத்துப் பிள்ளைக்கும் தெரிகிற குழி. காற்று ஊதி அழுத்தம் பார்க்கும் மெசினில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொரு தரம் ஊதினேன். அதே எண்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கிற நோய். நோவு இராது. சிவக்காது. பார்வையின் ஓரத்தை முதலில் தின்றுகொண்டு வரும், நடுவைக் கடைசிக்கு வைத்திருக்கும். அதனால் பலகையில் எல்லாம் தெரியும், பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாது. போனதை எந்த டொக்டராலும் திருப்பித் தர முடியாது. மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்தால் பிடித்து வைக்கலாம், அவ்வளவுதான். அதனால் நேரத்துக்குப் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த ஏழெட்டு மாதத்தில் அவருக்கு எவ்வளவு போனது என்று எனக்குத் தெரியாது. முகாமன்று நான் பார்த்திருந்தால்தானே தெரியும்.

முதலாளி கதவைத் தட்டினார். “மிஸ், பத்து நிமிசம் தாண்டிற்று” என்றார். நான் கதவைத் திறக்காமலே, “போங்க அங்கால” என்றேன். அவரிடம் அப்படி நான் பேசியது அதுதான் முதல் தரம்.

அன்றைக்கே கடையை விட்டிறங்கி ஆட்டோ பிடித்து இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண் கிளினிக்கில் மத்தியானம் வரைக்கும் இருந்தோம். மகள் என் கையைப் பிடித்தபடியே இருந்தாள். டொக்டர் நேரம் எடுத்துப் பார்த்தார். அட்டையை வாங்கி வாசித்தார்.

“இது ஆரு எழுதின?” என்றார்.

“இந்த மிஸ்தான் டொக்டர். அவவில குறை சொல்ல ஏலாது. இண்டைக்கு வேலையையும் விட்டுப்போட்டுக் கூட்டிற்று வந்திரிக்கா. வருத்தம் அதுக்குப் பொறகுதான் வந்திரிக்கும்” என்றாள் மகள்.

டொக்டர் என்னைப் பார்த்தார். இவ்வளவு ஆழமான குழி ஏழெட்டு மாதத்தில் விழாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மருந்து எழுதினார். இரண்டு கண்ணிலும் நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதை வைத்திருக்கப் பார்ப்போம், ஒரு நாளும் மருந்தை விடக் கூடாது என்று மகளுக்கு விளங்கப்படுத்தினார். “இது குடும்பத்துக்குள்ள வாற வருத்தம். கூடப்பிறந்த ஆக்கள் இரிந்தா அவங்களையும் பார்க்க வேணும்” என்றார். மகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அந்த நேரம் அவளுக்கு ஒன்றும் காதில் ஏறியிருக்காது.

வெளியே விறாந்தை வாங்குப் பலகையில் தாயை இருத்திவிட்டு, மருந்து எடுக்கும் வரிசைக்கு மகள் எழும்பினாள். போக முதல் என்னைப் பார்த்து, “உங்களுக்குப் பெரிய புண்ணியம் மிஸ்” என்றாள். அந்தச் சொல் எனக்கு அந்தப் பெட்டிக் கண்ணாடிகளைவிட அதிகமாக நாறியது. பேசாமல் இருந்திருக்கலாம். டொக்டரும் விட்டுவிட்டார். அவர்களுக்கு ஒருநாளும் தெரியவராது. ஆயுள் முழுக்க என்னை நல்லவள் என்று ஊரில் சொல்லித் திரிந்திருப்பார்கள், அம்மா டொக்டர் டொக்டர் என்று சொல்லித் திரிந்த மாதிரி.

“இரிங்க தங்கச்சி. ஒண்டு சொல்ல வேணும்” என்றேன். அவள் நின்றாள். தாயின் முன்னால், அவருக்குத் தெரிகிற அந்தக் கொஞ்ச இடத்துக்குள் வருகிற மாதிரிக் குந்தி இருந்தேன்.

“அம்மா, முகாமண்டைக்கே உங்கட கண்ணில இது இரிந்திரிக்கி. நீங்க காகத்தப் பற்றிச் சொன்ன. அதுதான் இந்த வருத்தத்திட அடையாளம். எனக்கு அது தெரியும், படிச்சிரிக்கன். கண்ணுக்குள்ள பார்க்கிற விளக்கு என்ட பைக்குள்ள இரிந்திச்சி. நான் எடுக்கல்ல. படம் எடுக்கக் கூப்பிட்டாங்க, போயிட்டன். பார்க்காமத்தான் நல்லமெண்டு எழுதித் தந்த.”

மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். தாயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அந்தக் கறுத்த நூலை விரலால் உருட்டினாள். ஏசியிருக்கலாம். ஏசினால் தாங்கிக்கொள்ளத்தான் நானும் ஆயத்தமாக இருந்தேன். ஏச்சு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் கொஞ்சம் சுகமாக இருக்கும் என்றுகூட நினைத்திருப்பேன்.

தாய் அழவில்லை. ஏசவும் இல்லை. குனிந்து மடியைப் பார்த்துக்கொண்டு இருந்தவர், பிறகு தலையை நிமிர்த்தி, அங்கும் இங்கும் திருப்பி, என் முகத்தைத் தேடிப் பிடித்தார். பிடித்த இடத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

“எனக்குப் பொறகு வந்த ஆக்களையும் இப்படியா மகள் பார்த்த?” என்றார்.

“ஓம் அம்மா.”

“எல்லாரையுமா?”

“ஓம்.”

வரிசையில் யாரோ ஒருவருடைய நம்பரைக் கூப்பிட்டார்கள்.

“எனக்குப் பின்னால நிண்டது என்ட தங்கச்சி. அவள் இப்ப ரெண்டு மாசமா, விழுந்திருவன் எண்டு கிணத்தடிக்குத் தனியப் போறல்ல” என்றார்.